கருத்தடை வளையத்தால் நோய் வருமா?

"காப்பர்-டி வைத்தால் கர்ப்பப்பை புண்ணாகிவிடும்."

"அப்புறம் குழந்தையே பிறக்காது."

பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தப் பேச்சு கேட்காத நாள் இல்லை. ஒருத்தி சொல்வாள். இன்னொருத்தி தலையை ஆட்டுவாள். மூன்றாவது பெண், "எங்கள் தெருவில் ஒருத்திக்கு அப்படித்தான் ஆயிற்று" என்பாள். அவ்வளவுதான்! பிறகு டாக்டர் அம்மாள் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் காதில் ஏறாது.

இதைப் படிக்காதவர்களின் வீண் பயம் என்று சிலர் கேலி செய்கிறார்கள். கேலி செய்வது தவறு. இந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அது என்ன காரணம் என்று தெரிந்து கொண்டால், நோயைத் தடுக்கும் வழியும் தெரிந்துவிடும்.

பெயர் வந்த கதை

காப்பர்-டி மிகச் சிறிய பொருள். ஒன்றரை அங்குல நீளம்கூட இராது. ஆங்கில "டி" எழுத்தைப் போன்ற பிளாஸ்டிக் துண்டு. அதன் மேல் செம்புக் கம்பி சுற்றி இருக்கும். கீழே இரண்டு மெல்லிய நூல்கள் தொங்கும்.

இதைக் கர்ப்பப்பைக்குள் வைத்துவிட்டால் கரு உண்டாவது தடுக்கப்படும். எடுத்துவிட்டால் மறுபடியும் கரு உண்டாகும். அரசு ஆஸ்பத்திரிகளில் 10 ஆண்டு வேலை செய்யும் வகையும் உண்டு. 5 ஆண்டு வேலை செய்யும் வகையும் உண்டு.

இது வளையமாக இல்லை. ஆனாலும் "வளையம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. காரணம், பழைய காலத்தில் வந்தது உண்மையிலேயே வளையம்தான். ஜெர்மனியில் பெர்லின் நகரத்து டாக்டர் எர்ன்ஸ்ட் கிராஃபென்பெர்க் வெள்ளிக் கம்பியில் வளையம் செய்தார். 1929-ல் அதைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசினார்.

மற்ற டாக்டர்கள் பலர் அதை ஏற்கவில்லை. "சீழ் பிடிக்கும்" என்று எதிர்த்தார்கள்.

அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தில் வெட்டை நோய் பரவலாக இருந்தது. பெனிசிலின் மருந்து இன்னும் நோயாளியின் கைக்கு வரவில்லை. உள்ளே சீழ் பிடித்தால் அடக்குவதற்கு வழி கிடையாது. வளையம் கைவிடப்பட்டது.

லூப்

முப்பது ஆண்டுகள் கழித்து வளையம் வேறு உருவத்தில் வந்தது. அமெரிக்க டாக்டர் ஜாக் லிப்பஸ், பாம்பு நெளிவது போன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டைக் கொண்டு வந்தார். அதுதான் "லூப்". இந்தியாவில் 1965-ல் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் லூப் சேர்க்கப்பட்டது.

ஊர் ஊராக முகாம்கள் நடந்தன. ஒரு லூப்புக்கு 11 ரூபாய் வீதம் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கொடுத்தது. இத்தனை பேருக்கு வைக்க வேண்டும் என்று எண்ணிக்கையும் குறித்தார்கள்.

பிளாஸ்டிக்கைக் கொதிக்க வைத்தால் உருவம் கெட்டுவிடும். ஆகவே லூப்பைக் கிருமி கொல்லும் மருந்தில் ஊற வைத்து எடுத்தார்கள். முகாமில் கூட்டம் நெருக்கும்போது ஊற வைப்பதும், கை கழுவுவதும், பெண்ணைச் சோதிப்பதும் ஒழுங்காக நடக்குமா?

வைத்துவிட்டு முகாம் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்கு உதிரப்போக்கு வந்தால், வலி வந்தால், யாரிடம் போவாள்? கேட்பதற்கு ஆள் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் லூப்பின் பெயர் கெட்டது. வைத்துக்கொள்ள வந்தவர்களின் தொகையும் இறங்கியது.

பாட்டிமார் பேத்திகளுக்குச் சொல்லி வைத்த பயம் அன்று பிறந்தது.

விளக்குத் திரி

இதைவிடப் பெரிய விபரீதம் அமெரிக்காவில் நடந்தது.

அங்கே ஒரு மருந்துக் கம்பெனி 1971-ல் "டால்கன் ஷீல்டு" என்ற வளையத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பார்ப்பதற்கு நண்டு போல இருக்கும். இரண்டு பக்கமும் முள் போன்ற கால்கள். "நழுவாது, மிக நல்லது" என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் அதை வைத்துக் கொண்டார்கள்.

கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? நூலில்!

மற்ற வளையங்களில் தொங்குவது ஒற்றை இழை நூல். மீன் தூண்டில் நரம்பு போல வழவழப்பாக இருக்கும். டால்கன் ஷீல்டின் நூல் அப்படி அல்ல. மிக மெல்லிய நூற்றுக்கணக்கான இழைகளை ஒன்றாகச் சேர்த்து, மேலே நைலான் உறை போட்டிருந்தார்கள். உறையின் இரண்டு முனையும் திறந்து கிடந்தன.

விளக்கில் திரி போட்டால் எண்ணெய் தானாக மேலே ஏறுகிறது அல்லவா? அதே போல, கீழே இருந்த ஈரமும் கிருமியும் அந்த இழைகள் வழியாகக் கர்ப்பப்பைக்குள் ஏறின.

விற்பனை தொடங்கும் முன்பே, 1970-ல், இந்தத் திரி விஷயம் பற்றிக் கம்பெனிக்குள் எச்சரிக்கைக் குறிப்பு எழுதப்பட்டிருந்தது. அதைப் பொருட்படுத்தவில்லை. வளையம் உள்ளே இருக்கும்போதே கர்ப்பமான சில பெண்கள், கரு சீழ் பிடித்து இறந்தார்கள். பலருக்குக் கருக்குழாய் அடைத்து, பிறகு குழந்தை பெற முடியாமலே போய்விட்டது.

1974-ல் விற்பனை நின்றது. வழக்குகள் குவிந்தன. 1985-ல் கம்பெனி திவால் மனுக் கொடுத்தது. சந்தையில் இருந்த நல்ல வளையங்களும் அந்தப் புயலில் அடித்துக்கொண்டு போயின. 1986-ல் அமெரிக்காவில் செம்பு வளைய விற்பனையே நின்று போயிற்று. இரண்டு ஆண்டு கழித்துத்தான் மறுபடியும் வந்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பிலேயே விஷம் தடவி இருந்தது. ஆனால் அந்த ஒரு அம்பைப் பார்த்துவிட்டு உலகத்தில் உள்ள எல்லா அம்பும் விஷ அம்பு என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இன்றைய காப்பர்-டியின் நூல் ஒற்றை இழை நூல். திரி அல்ல.

20 நாள்

அப்படியானால் இப்போது பயமே வேண்டாமா?

கொஞ்சம் வேண்டும். எத்தனை நாளைக்கு என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் ஏறக்குறைய 23 ஆயிரம் பெண்களின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்தது. முடிவு 1992-ல் வெளிவந்தது. ஆயிரம் பெண்களுக்கு ஓராண்டு என்ற அளவில் பார்த்தால், வளையம் வைத்த முதல் 20 நாட்களில் நோயின் வேகம் ஏறக்குறைய 10. அதற்குப் பிறகு ஒன்றரைக்கும் கீழே இறங்கிவிட்டது. எட்டு ஆண்டு வரையில் கவனித்தும் அது ஏறவில்லை.

இதற்கு என்ன பொருள்? வளையமே கிருமியை உண்டாக்குவதாக இருந்தால், உள்ளே இருக்கும் வரையில் நோய் வந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படி வரவில்லை. வைக்கும்போது உள்ளே போன கிருமிதான் நோய் தருகிறது.

கர்ப்பப்பையின் வாயில் இயற்கை ஒரு காவல் வைத்திருக்கிறது. பசை போன்ற ஒரு நீர் அங்கே அடைத்துக்கொண்டு நிற்கும். கீழே உள்ள கிருமிகளை எளிதில் மேலே விடாது. காப்பர்-டி வைக்கும் குழாய் அந்தக் காவலைத் தாண்டிப் போகிறது. குழாயில் கிருமி இருந்தால் அதுவும் கூடவே போகும். சாதாரணக் கிருமியாக இருந்தால் உடம்பு சில நாளில் தானே அழித்துவிடும். வெட்டை நோய்க் கிருமியோ, "கிளாமிடியா" என்ற கிருமியோ ஏற்கனவே கர்ப்பப்பை வாயில் இருந்தால்தான் ஆபத்து. அவை மேலே ஏறிக் கருக்குழாயைப் பிடித்துக் கொள்ளும்.

கிளாமிடியா ஒரு திருட்டுக் கிருமி. பெண்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. வலியும் இராது, காய்ச்சலும் இராது.

2001-ல் மெக்சிகோ நகரத்தில் நடந்த ஒரு ஆராய்ச்சியும் இதைத்தான் காட்டியது. 1,895 பெண்களைச் சோதித்தார்கள். கருக்குழாய் அடைத்துக் குழந்தை இல்லாமல் இருந்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமாகக் காப்பர்-டி வைத்தவர்களா? இல்லை. ஆனால் கிளாமிடியா வந்து போனதற்கான அடையாளம் அவர்கள் ரத்தத்தில் அதிகம் இருந்தது.

கை படாமல்

ஆகவே காவல் போட வேண்டிய இடம், வளையம் வைக்கும் அந்த மேஜை.

காப்பர்-டி இன்று கிருமி நீக்கிய உறைக்குள் வருகிறது. உறை கிழியாமல் இருக்க வேண்டும். அதன் மேல் போட்டிருக்கும் தேதி தாண்டி இருக்கக் கூடாது. உறை பிரியும் முன்பு அதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. நாலு ரூபாய் பிஸ்கட்டுக்குத் தேதி பார்க்கும் காலம் இது!

ஒன்று மட்டும். செம்புக் கம்பி சில சமயம் கறுத்துத் தெரியும். வீட்டுச் செம்புப் பாத்திரம் கறுப்பது போலத்தான். உறை நன்றாக இருந்து, தேதியும் இருந்தால் அதனால் கெடுதல் இல்லை.

கை படாமல் வைப்பது ஒரு முறை. உறைக்குள் இருக்கும்போதே, வெளியில் இருந்தபடியே, காப்பர்-டியின் கைகளை மடக்கிக் குழாய்க்குள் தள்ளிவிடலாம். கர்ப்பப்பை வாயை மருந்தால் துடைத்த பிறகு, குழாய் பக்கங்களில் எங்கும் உரசாமல் நேரே உள்ளே போக வேண்டும். பயிற்சி பெற்ற டாக்டருக்கும் நர்ஸுக்கும் இது சில நிமிட வேலை. அவசரப்பட்டால் அந்தச் சில நிமிடத்தில்தான் தவறு நேரும்.

"முன்னாலேயே ஒரு ஊசி போட்டுவிடுங்கள், கிருமி வராது" என்று சில தாய்மார்கள் கேட்கிறார்கள். உடம்பு நன்றாக இருப்பவர்களுக்கு வழக்கமாக அது தேவை இல்லை. சுத்தம் இல்லாத கைக்கு மாத்திரை ஈடாகாது.

யாருக்கு வைக்கக் கூடாது? அடிவயிற்றில் கிருமி நோய் இருப்பவர்களுக்கு, கர்ப்பப்பை வாயில் சீழ் இருப்பவர்களுக்கு, கருச்சிதைவில் சீழ் பிடித்தவர்களுக்கு வைக்கக் கூடாது. காச நோய் கர்ப்பப்பையைத் தாக்கி இருந்தாலும் கூடாது. காச நோய் நெஞ்சில் மட்டும்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது கர்ப்பப்பைக்கும் வரும்.

பிரசவம் ஆன 48 மணி நேரத்துக்குள் வைப்பதிலும் ஒரு விதி உண்டு. நீர்க்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, தாய்க்குக் காய்ச்சலோடு கிருமி நோய் இருந்தாலோ அப்போது வைக்கக் கூடாது. நீர்க்குடம் எப்போது உடைந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தாய்க்குத்தான் தெரியும். கூட வந்த அம்மாவுக்குத் தெரியும். அவர்களைக் கேட்க வேண்டும்.

கேட்காமல் வைப்பதா?

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது.

1995-ல் சிசிலியா வான் ஹாலன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் தமிழ்நாட்டுக்கு வந்தார். அரசு பிரசவ வார்டுகளில் தாய்மார்களோடு பேசினார். பிரசவம் ஆனதும் வழக்கம் போல வளையம் வைக்கப்படுவதையும், சில பெண்களுக்கு அது தெரியாமலே வைக்கப்படுவதையும் எழுதினார். 1998-ல் அந்தக் கட்டுரை வெளிவந்தது. நடுவே 1996-ல், இத்தனை பேருக்கு வைக்க வேண்டும் என்று எண்ணிக்கை குறிக்கும் முறையை மத்திய அரசு கைவிட்டது. பெண்ணின் சம்மதம் வேண்டும் என்பது இன்று விதி.

விதி சுவரில் ஒட்டி இருந்தால் போதாது. வலியில் துடிக்கும் பெண்ணிடம், "வைத்துவிடலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அவள் முனகியதைச் சம்மதம் என்று எழுதிக் கொள்வது சம்மதம் ஆகாது. மாமியாரிடம் கையெழுத்து வாங்குவதும் ஆகாது.

"கேட்டால் வேண்டாம் என்பார்கள். அடுத்த ஆண்டே மறுபடியும் கர்ப்பமாகி வந்து நிற்பார்கள். ரத்தம் இல்லாமல் அவதிப்படுவார்கள்" என்று ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் சொல்வதுண்டு. அவர்களுடைய கவலை பொய் அல்ல. இரண்டு குழந்தைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டும். அது தாய்க்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது.

ஆனால் நோய்த் தடுப்பு என்ற ஒரே கண்ணால் பார்த்தால்கூட, கேட்காமல் வைப்பது ஆபத்து.

உள்ளே ஒரு பொருள் இருக்கிறது என்று தெரியாத பெண், சோதனைக்கு எப்படி வருவாள்? பத்தாவது நாள் காய்ச்சல் வந்தால் பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவாள். அடிவயிறு வலித்தால் சூடு என்பாள். வேறு டாக்டரிடம் போனாலும், "காப்பர்-டி வைத்திருக்கிறதா?" என்ற கேள்விக்கு, "இல்லை" என்றுதான் சொல்வாள். ஆபத்தான அந்த 20 நாளும் இப்படியே ஓடிவிடும்.

பிறகு ஒரு நாள் உண்மை தெரியும். அன்றைக்கு அவள் கோபம் வளையத்தோடு நிற்காது. ஆஸ்பத்திரியையே வெறுப்பாள். வராந்தாப் பேச்சு இன்னும் பத்து பேருக்குப் போகும்.

கேட்க வேண்டிய காலம் கர்ப்ப காலம். ஏழாம் மாதம், எட்டாம் மாதம் சோதனைக்கு வரும்போது நிதானமாகப் பேசலாம். அவள் வீட்டுக்குப் போய்க் கணவனோடு பேசி முடிவு செய்ய நாள் இருக்கும். முன்பு சீழ் நோய் வந்ததா, காச நோய் வந்ததா என்று விசாரிக்கவும் அப்போது நேரம் இருக்கும். வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிட வேண்டும். வேறு வழிகள் இல்லாமல் போகவில்லை.

கணவனுக்கும் பங்கு

இன்னொரு விஷயத்தை வெட்கப்பட்டு எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

வெட்டை நோயும் கிளாமிடியாவும் வளையத்தில் பிறப்பவை அல்ல. உடல் உறவினால் வருபவை. பல வீடுகளில் அது கணவனிடம் இருந்தே மனைவிக்கு வருகிறது. காப்பர்-டி கருவைத் தடுக்கும். நோயைத் தடுக்காது. எய்ட்ஸ் கிருமியையும் தடுக்காது. அதற்கு ஆணுறைதான் வேண்டும்.

இத்தகைய நோய் கண்டால் மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயன் இல்லை. கணவனும் சிகிச்சை பெற வேண்டும். இல்லாவிட்டால் இன்று போன கிருமி நாளை திரும்பி வரும். "அவளுக்குத்தானே நோய், எனக்கு எதற்கு மருந்து?" என்று ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பும் கணவன்மார்களுக்கு இது நன்றாகப் புரிய வேண்டும்.

எது வழக்கம், எது நோய்?

காப்பர்-டி வைத்த முதல் இரண்டு மூன்று மாதம் மாதவிலக்கு அதிகமாகப் போகலாம். வயிறு இழுத்துப் பிடிக்கலாம். இது பெரும்பாலும் தானே குறையும். இதை நோய் என்று பயந்து எடுத்துவிடுபவர்கள் உண்டு. தாங்க முடியவில்லை என்றால் எடுத்துவிடச் சொல்லிக் கேட்கும் உரிமையும் அவளுக்கு உண்டு.

காய்ச்சல் வந்தால், அடிவயிற்று வலி நாளுக்கு நாள் ஏறினால், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால், உறவின்போது வலித்தால் அது வேறு கதை. அன்றே டாக்டரிடம் போக வேண்டும். "நாளைக்குப் பார்க்கலாம், வெள்ளிக்கிழமை போகக் கூடாது" என்ற பேச்சு கூடாது. மாதவிலக்கு தள்ளிப் போனாலும் காட்ட வேண்டும். வழக்கமாகக் கைக்குத் தெரிந்த நூல் திடீரென்று தெரியாமல் போனாலும் காட்ட வேண்டும். நூலைத் தானே பிடித்து இழுக்கவே கூடாது.

கிருமி நோய் வந்துவிட்டால் உடனே வளையத்தை எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் எடுத்துவிடுவார்கள். சீக்கிரம் வந்தால் கருக்குழாய் பிழைக்கும்.

வலி இல்லாதவர்களும் ஒரு தடவை வர வேண்டும். வைத்த மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் ஒரு சோதனை போதும். லூப் காலத்தில் விட்டுப்போனது இந்த ஒரு தடவைதான்.

பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிறார்கள். தாய்க்கு வைத்தது எந்த வகை, வைத்த தேதி எது, எந்த ஆண்டில் எடுக்க வேண்டும், சோதனைக்கு எந்த வாரம் வர வேண்டும் என்பதை அந்தச் சீட்டில் தமிழில், பெரிய எழுத்தில், எல்லா ஆஸ்பத்திரியிலும் எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதுத் திட்டம் வேண்டாம். ஒரு ரப்பர் முத்திரை செய்தால் போதும். எழுதியதை அவளுக்கு ஒரு தடவை வாய்விட்டுப் படித்தும் காட்ட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துவிட்டால் தொலையாது.